மீன் வெளியே சாப்பிடப் போன கதை

போன ஞாயிறு ஈஸ்டர். ஆராதனை முடிந்து ஆம்பூர் சர்ச் வாசலுக்கு வந்து நின்றேன். புது வேட்டி, புது சட்டை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வரிசையாக மூன்று பேர் வந்து கை கொடுத்தார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விதான்.

“மீன் எப்படி சார் இருக்கு?”

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒருத்தர் இல்லை! பாடகர் குழுவில் பல வருஷமாகப் பாடும் பெரியவர் ஒருவர் உண்டு. என்னிடம் இதுவரை நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், “சாப்பிடுதா?” என்று மெதுவாகக் கேட்டார். ஐ.சி.யு.வில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிக்கிற குரல்.

“நல்லா சாப்பிடுது ஐயா.”

“ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்.

பக்கத்தில் என் மனைவி லில்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பாள், சிரிப்பாள்... எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்ததே அவள்தானே? ஒரு சபையே என் வீட்டு மீனுக்காகக் கவலைப்படுகிற நிலைமை எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

மீன் என்றதும் குழந்தைகள் பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுக்கும் தங்க மீனை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஆஸ்கர். பதினாலு அங்குலம். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், கீழுதடு தள்ளிய வாய். ஹாலில் நாலடித் தொட்டி, அதில் இவர் ஒருத்தர் மட்டும்.

ஒருத்தர் மட்டும் என்பது பிற்பாடு வந்த ஏற்பாடு. நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் வாங்கும்போது இரண்டு அங்குலம்தான் இருந்தது. பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்த கடைக்காரரிடம் கேட்டேன் – “எவ்வளவு வளரும்?”

“ஜாஸ்தி போனா ஆறு இன்ச் சார். ரொம்ப சாது.”

ஒரே மூச்சில் இரண்டு பொய்.

வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே ஆறு சின்ன மீன்கள் இருந்தன. தினம் காலையில் எண்ணுவேன். ஆறு, ஐந்து, நாலு... துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று நானும் லில்லியும் டார்ச் அடித்து சோபாவுக்கு அடியில் தேடினோம். அரிசி டிரம்முக்குப் பின்னால்கூடத் தேடினோம். தொட்டிக்குள் மட்டும் சந்தேகமாகப் பார்க்கவில்லை. அங்கே அந்தச் சாது வயிறு புடைத்துப்போய், ஒன்றும் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். பையர்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஷூ பேக்டரியில் நான் பைனல் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், வருவார். மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்துத் தைத்த ஷூவை எடுப்பார். வளைப்பார். முகர்வார். முகத்தில் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு ஓரமாக வைத்துவிடுவார். ரிஜெக்ட்! எங்கள் மீனும் அப்படித்தான். பாக்கெட்டில் விற்கும் தீனி உருண்டையைப் போட்டால் வாயில் வாங்கும், இரண்டு தடவை மெல்லும், நம்மை ஒரு பார்வை பார்க்கும், துப்பிவிடும்.

அவர் அப்ரூவ் செய்கிற சரக்கு ஒன்றே ஒன்றுதான். மாட்டு இதயம். எதிர்வீட்டு ஜலீல் பாய் பஜாரில் மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் கொழுப்பெல்லாம் நீக்கிய ஒரு துண்டு வந்துவிடும். லில்லி அதைப் பொடியாக நறுக்கி, சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைப்பாள். குடிக்கவும் குளிக்கவும் அவருக்கு லாரித் தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பையர் மட்டும் எப்படிப் பிழைப்பார்?

மகன் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பையர் ஒருத்தர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

லில்லி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினம் ஆம்பூரிலிருந்து ரயிலில் போய்வருகிறாள். அவள் கைபிடித்து ஊசி போடக் கற்றுக்கொடுத்த பெண்கள் இன்று இங்கிலாந்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, “சிஸ்டர், இங்க பனி கொட்டுது” என்கிறார்கள். இவள் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்ப்பாள். இங்கே கொட்டுவது வெயில்.

அவளுக்கும் போக ஆசை. தப்பா? இல்லவே இல்லை. ஆனால் அதற்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் பிரமாதமாகச் செய்தாள். பேசுகிற பரீட்சையில்தான் போன வருஷம் கவிழ்ந்தாள்.

நடந்தது இதுதான். எதிரே ஒரு அம்மணி உட்கார்ந்து, கண் கொட்டாமல் இவளையே பார்த்திருக்கிறார். “ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். பதிலை ரெண்டு நிமிஷம் நீட்டிப் பேச வேண்டும். இவள் “நோ ஃப்ரீ டைம்” என்றாள். அத்தோடு நிறுத்திவிட்டாள்.

“உண்மையைத்தாங்க சொன்னேன்” என்று வீட்டுக்கு வந்து அழுதாள். வார்டில் அறுபது பேரை மேய்க்கிறவள். டாக்டர்களையே அதட்டுகிறவள். அந்த ஒரு பார்வையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கண் கொட்டாமல் பார்க்கிற ஆசாமி நம் வீட்டிலேயே ஒருத்தர் இருக்கிறாரே!

அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு ஹாலில் பரீட்சை. லில்லி தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். நான் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஒளிந்துகொண்டு, கேள்விச் சீட்டைப் படிப்பேன். பையர் கண்ணாடியோரம் வந்து அவளை முறைப்பார். வாயைத் திறந்து திறந்து மூடுவார். பார்க்கிறவர்களுக்கு அவரே கேள்வி கேட்பது போலத்தான் இருக்கும்.

முதல் வாரம் தடுமாறினாள். இரண்டாவது வாரம் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு மாதத்தில் அம்மா வழி உறவுக் கதைகளையெல்லாம் இங்கிலீஷில் பையரிடம் கொட்ட ஆரம்பித்துவிட்டாள். “உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால், பாலாற்றில் தண்ணீர் ஏன் இல்லை என்பதில் தொடங்கி விரிஞ்சிபுரம் கோவில் மதில் வரைக்கும் போவாள். நிறுத்த முடியாது.

உண்மையைச் சொல்கிறேன். அவள் நன்றாகப் பேசப் பேச, தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டிருந்த எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. அவள் பாஸ் ஆக வேண்டும் – அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாஸ் ஆனால் போய்விடுவாள். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் ஊருக்குப் போனால் மூன்றாம் நாளே நான் பின்னாலேயே போய் நிற்கிற ஆள். நான் இல்லாத இங்கிலாந்தில் அவள், அவள் இல்லாத ஆம்பூரில் நான். இதை அவளிடம் சொன்னேனா? இல்லை. “நல்லா பேசுற, இன்னும் கொஞ்சம் மெதுவா பேசு” என்று மட்டும் சொன்னேன்.

இந்தச் சமயத்தில் லெந்து வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் எங்கள் வீடுகளில் கவிச்சி கிடையாது. சில பேர் காபியை விடுவார்கள், சில பேர் டி.வி.யை விடுவார்கள். லில்லி இந்த வருஷம் ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். பொருத்தனை என்றால் வேண்டுதல்தான். ‘ஆண்டவரே, இந்தப் பரீட்சையில் என்னைப் பாஸ் பண்ண வையும். நாற்பது நாளும் இந்த வீட்டு வாசலைத் தாண்டி ஒரு துண்டு மாம்சம் உள்ளே வராது.’

சொல்லிவிட்டு, லெந்து தொடங்கும் சாம்பல் புதன்கிழமைக்கு முந்தின நாள் ஃபிரீசரைத் துடைத்தாள். மீன், கோழி, முட்டை எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. கடைசியாக அந்தச் சில்வர் டப்பாவையும் எடுத்தாள்.

“இது பையரோடதும்மா” என்றேன்.

“மாம்சம்னா மாம்சந்தாங்க. யாரோடதா இருந்தா இன்னா?”

“அதுக்கு இன்னா தெரியும் லெந்து?”

“ஒரு ராஜா ஊர்ல ஆடு மாட்டைக்கூட உபவாசம் இருக்க வெச்சாராம். போதகர் போன வாரம் பிரசங்கத்துல சொன்னாரே, தூங்கிட்டிருந்தீங்களா?”

“ஆடு மாடுன்னுதானே சொன்னாரு? மீன்னு சொல்லலையே!”

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஜலீல் பாய் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து நிமிஷத்தில் ஜலீல் பாய் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“இன்னா சார் இது புதுசா இருக்கு? எங்க நோன்புல நாங்கதான் பட்டினி. கோழிக்கு எப்பவும் போல தீனி வெச்சிட்டுத்தான் இருப்போம்.”

“அதை நீங்க உள்ள வந்து சொல்லுங்க பாய்.”

“நான் எதுக்கு? பேஜாரு” என்று போய்விட்டார்.

சரி, தீனி உருண்டையாவது போடலாம் என்று பாக்கெட்டைப் பிரித்தேன். லில்லி அதைப் பிடுங்கி, மருந்து லேபிளைப் படிப்பது போலத் திருப்பித் திருப்பிப் படித்தாள். “இதுல மீன் தூள் போட்டிருக்கு.” முடிந்தது. அப்புறம் என்ன கொடுத்தோம் தெரியுமா? அவித்த பட்டாணி. கீரை. சப்பாத்தித் துண்டு. ஒரு நாள் இட்லிகூட. பையர் ஒவ்வொன்றையும் வாயில் வாங்கினார், மென்றார், எங்களைப் பார்த்தார், துப்பினார். எங்கள் பேக்டரிக்கு வரும் ஜெர்மனிப் பையர்கூட இத்தனை லாட்டை ஒரே நாளில் ரிஜெக்ட் செய்தது கிடையாது.

ஒரு வாரம் ஆயிற்று. பெரிய மீன்கள் நாள் கணக்கில் பட்டினி தாங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் இருந்தேன். ஆனால் அது பார்க்கிற பார்வை இருக்கிறதே... சமையலறையில் கத்தி சத்தம் கேட்டால் போதும், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும். நறுக்குவது கத்தரிக்காய் என்று அதற்கு யார் சொல்வது?

லெந்து நாட்களில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். இரண்டாவது வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. போதகர் வந்து தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெபம், பாட்டு எல்லாம் முடிந்து சுக்குக் காபி குடிக்கும்போது நான் வழக்கை எடுத்துவிட்டேன். எங்கள் போதகர் யார் மனதும் நோகாமல் தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர். அண்ணன் தம்பிக்குள் மோட்டார் பம்புத் தகராறு என்றால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“பொருத்தனை பண்ணது யாரு? நீங்களா, மீனா?” என்று லில்லியைக் கேட்டார்.

“நான்தாங்கய்யா.”

“அப்போ மீன் சாப்பிடலாம். அதுக்கு ஒண்ணும் தடை இல்லை.”

எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

“ஆனா, வாசலைத் தாண்டி மாம்சம் உள்ள வராதுன்னு சொல்லியிருக்கேனே ஐயா? உள்ள வராம எப்படிக் குடுக்கறது?”

போதகர் காபியைக் கீழே வைத்தார். தொட்டியைப் பார்த்தார். பையரும் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

“மாம்சம் உள்ள வரக்கூடாது. சரி. மீன் வெளிய போகக்கூடாதுன்னு ஏதாச்சும் சொன்னீங்களா?”

“இல்லீங்கய்யா...”

“பின்ன இன்னா? வெளிய கூட்டிட்டுப் போய் சாப்பிட வைங்க!”

ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரும் ஆகா என்றார்கள். ஆகா என்றவர்களில் யாராவது ஆஸ்கர் மீனைக் கையில் தூக்கியிருக்கிறார்களா? நான் தூக்கியிருக்கிறேன். மறுநாள் தூக்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. வராண்டாவில் வைத்துக்கொள்ளலாமா என்றேன். “வராண்டா வீட்டுல சேர்த்தி” என்றாள் லில்லி. காம்பவுண்டுக்குள்? “கேட்டு வரைக்கும் வீடுதாங்க.” ஆக, நடுத்தெரு. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தெருவில் வைத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றினேன். ஜலீல் பாய் ஒரு தட்டில் நறுக்கிய இதயத்தோடு தயாராக நின்றார்.

ஈரத்துண்டால் பையரை அமுக்கிப் பிடித்து, அன்னக்கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் அவர் ஒரு அறை விட்டார் பாருங்கள்... என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டப்பில் விட்டதும் இன்னொரு துள்ளல். ஜலீல் பாயின் வெள்ளை ஜிப்பா முழுக்க நனைந்துவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் பேக்டரி பஸ் தெருமுனையில் நின்றது. ஷிப்ட் முடிந்த பெண்கள் இருபது பேர் இறங்கி, டப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“ஏன் சார், உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரிக்கா?”

“இல்லம்மா. சாப்பிட வந்திருக்கு.”

“வீட்ல சாப்பாடு இல்லையா சார்?”

என்னத்தைச் சொல்ல? திங்கட்கிழமை இவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று யோசித்துக்கொண்டே, ஒரு துண்டை எடுத்து தண்ணீரில் போட்டேன்.

பையர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்படியே மெல்லச் சாய்ந்து, ஒருக்களித்துப் படுத்துவிட்டார். ஒரு கண் வானத்தைப் பார்த்தபடி... அசைவே இல்லை.

“போய்ட்டான்யா!” என்றார் ஜலீல் பாய். தலையில் இருந்த தொப்பியைச் சரி செய்துகொண்டார். பெண்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். கேட்டுக்குள் நின்ற லில்லி, “ஐயோ... ஆண்டவரே” என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் எல்லோரும் இருக்க, கண் முன்னால் செத்தே போச்சா?

தட்டை யாரும் கவனிக்கவில்லை. காக்கா ஒன்று பெரிய துண்டாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு பறந்தது. நேராக எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தது.

லில்லி அண்ணாந்து பார்த்தாள். அந்தத் துக்கத்திலும் கேட்டாள் – “ஏங்க, மொட்டை மாடி வீட்டுல சேர்த்திதானே?”

“அது வாசல் வழியா போகலையே” என்று சமாளித்தேன்.

நல்லடக்கத்துக்கு எடுத்துப் போவது போலப் பையரை உள்ளே கொண்டுபோய்த் தொட்டியில் விட்டேன். விட்ட மறு நொடி... நிமிர்ந்தார்! விறுவிறுவென்று நீந்திப் பின்பக்க மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். செத்துப்போனதெல்லாம் நாடகம். கோபம் வந்தால் ஆஸ்கர் அப்படித்தான் சாய்ந்து படுக்கும் என்று அப்புறம் சென்னைக் கடைக்காரர் போனில் சொன்னார். இதையாவது உண்மையாகச் சொன்னாரே.

கோபம் தணியவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய்... சுவரைப் பார்த்தபடியே நின்றார். காலை ஐந்தரைக்கு லில்லி எதிரில் வந்து உட்கார்ந்தால் முதுகைக் காட்டினார். பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவள் பேச்சு பழையபடி திக்க ஆரம்பித்தது.

“அது என்னைப் பாக்க மாட்டேங்குதுங்க” என்றாள் லில்லி.

புதன்கிழமை எங்கள் பேக்டரியில் கரண்ட் இல்லை. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அன்று லீவு. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே இங்கிலீஷ் கேட்டது.

“ப்ளீஸ் ஈட். ஐ யம் வெரி சாரி. ப்ளீஸ்...”

எட்டிப் பார்த்தேன். லில்லி ஸ்டூல் மேல் ஏறி நின்று, முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டிருந்தாள். விரல் நுனியில் ஒரு சிறு துண்டு. பக்கத்தில், ஜலீல் பாய் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த அந்தச் சில்வர் டப்பா. கன்னமெல்லாம் ஈரம். அது தொட்டித் தண்ணீர் இல்லை.

பையர் சுவரை விட்டுத் திரும்பினார். மெல்ல வந்தார். துண்டை வாயில் வாங்கினார், இரண்டு தடவை மென்றார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

விழுங்கினார். அப்ரூவ்டு!

அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு... அவள் என்னைப் பார்த்துவிட்டாள். டப்பாவை மறைக்கவெல்லாம் இல்லை.

“என்னால முடியலங்க” என்றாள். “வார்டுல காலையில போனதும் ஒவ்வொருத்தரையும் சாப்பிட்டீங்களான்னு கேக்கறதுதான் என் வேலை. பதினெட்டு வருஷமா அதைத்தான் கேட்டுட்டிருக்கேன். வீட்டுல ஒரு ஜீவனைப் பட்டினி போட்டுட்டு நான் பாஸாகி இன்னா பண்ணப்போறேன்? ஃபெயிலானா ஆயிட்டுப் போறேன்.”

“ஃபெயிலானா பரவாயில்ல லில்லி” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன வேகத்தில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பொருத்தனை உடைந்துவிட்டது – அவள் போகமாட்டாள். சே! என்ன மனுஷன் நான் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. அந்த வெட்கத்தில் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு மடங்கு கேள்வி கேட்டேன். பையரும் வயிறு நிறைந்த திருப்தியில் பழையபடி முறைத்தார்.

சனிக்கிழமை சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். “எப்படி?” என்றேன். “அந்தம்மாவும் கண் கொட்டாமத்தான் பாத்தாங்க. நம்ம பையர் மாதிரி நெனச்சிக்கிட்டேன்” என்றாள். அடுத்து வந்த நாட்களில் கீரையும் பருப்புமாக அவள் விரதத்தைத் தொடர்ந்தாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. உடைந்த பொருத்தனைக்கு எதற்கு இவ்வளவு பத்தியம் என்று நான் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு நாலு நாள் இருக்கும்போது கூரியர் வந்தது. பாஸ்! பேசுகிற பரீட்சையில்தான் மற்றதைவிட அதிக மார்க். லில்லி கூரியர் கொண்டுவந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகைதான் என்று அவள் நினைத்திருப்பாள்.

செய்தி போதகர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஈஸ்டர் ஆராதனையில் அவர் மேடையிலிருந்தே அறிவித்துவிட்டார். “நம்ம சகோதரி லில்லி நாற்பது நாள் பொருத்தனை பண்ணி, பரீட்சையில தேறியிருக்காங்க. முன்னாடி வந்து சாட்சி சொல்லுவாங்க.”

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. சபை நிறைய ஜனம். ‘நாற்பது நாள் காத்தேன், கர்த்தர் கொடுத்தார்’ என்று இரண்டு வரி சொல்லிவிட்டு வந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், ஜலீல் பாய், மீன். ஜலீல் பாய் சர்ச்சுக்கு வரமாட்டார். மீன் வாயைத் திறந்தாலும் சத்தம் வராது.

லில்லி மைக்கைப் பிடித்தாள்.

“நான் பொருத்தனையைக் காப்பாத்தலைங்க” என்றாள். “பதினஞ்சாவது நாளே உடைச்சிட்டேன். எங்க வீட்டு மீனு பட்டினியா கிடந்துச்சு. என்னாலதான் கிடந்துச்சு. பாத்துட்டு இருக்க முடியல. கறி வாங்கிட்டு வந்து என் கையால ஊட்டினேன். அப்படியும் ஆண்டவர் பாஸ் பண்ண வெச்சாரு. ஏன்னு எனக்குத் தெரியல. அவ்வளவுதான்.”

பெண்கள் பக்கத்தில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. பேக்டரி பஸ்ஸில் இறங்கி டப்பைச் சுற்றி நின்ற பெண்கள்! சிரிப்பு பரவி, கடைசி பெஞ்சு வரைக்கும் போய், பாடகர் குழுவில் ஏறியது. போதகர் வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை வாங்கி, “தெருவுல வெச்சு சாப்பாடு குடுக்கச் சொன்னது நான்தான். அது தப்பான ஆலோசனை. மீன் என்னை மன்னிக்கணும்” என்றார். இப்போது புரிகிறதா, வாசலில் ஏன் எல்லோரும் என்னை விட்டுவிட்டு மீனை விசாரித்தார்கள் என்று?

நான் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்து இவ்வளவு பேர் முன்னால் உண்மையைச் சொல்கிறாள் இவள். எனக்கு அவளிடம், நாலு சுவருக்குள், ஒரே ஒரு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லையே!

மதியம் ஜலீல் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நாற்பது நாளுக்கு அப்புறம் முதல் கவளம். லில்லி ருசித்துச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

“பையரை இன்னா பண்றது? ஜலீல் பாய்கிட்டயே குடுத்துடலாமா?” என்றாள்.

“ஏன்? நான் பாத்துக்கறேனே.”

“நீங்க எப்படிப் பாத்துப்பீங்க?”

“நீ போய்ட்டா எனக்கு வேற இன்னா வேலை?” என்னால் அடக்க முடியவில்லை. “நீ போறதுல எனக்கு இஷ்டமே இல்ல லில்லி. பாஸாகணும்னுதான் நெனச்சேன். ஆனா போகக்கூடாதுன்னும் நெனச்சேன். ரெண்டையும் சேர்த்துத்தான் நெனச்சேன்.”

அவள் கையில் எடுத்த எலும்பை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“போறதா? நான் மட்டுமா? யாரு சொன்னா?”

“பின்ன?”

“ஏங்க, போன மாசமே வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்ட ஃபாரத்துல உங்க பேரையும் சேர்த்துத்தானே எழுதிக் குடுத்தேன்? உங்க போட்டோகூட பீரோவுல இருந்து நான்தான் எடுத்தேன். நான் முதல்ல போறேன், ரெண்டு மாசத்துல நீங்க வரணும். அந்தக் குளிருல எனக்கு யாரு ரசம் வெச்சுத் தர்றது?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“வராம இருப்பீங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கலையே. இதை ஒரு கேள்வின்னு கேக்கணுமா இன்னா?”

“என் வேலை?”

“அங்க மட்டும் ஜனங்க வெறுங்கால்லயா நடக்கறாங்க? ஏதாச்சும் ஷூ கடையில சேர்ந்துக்கங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிரியாணியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பையர் நான் கிளம்பும்போது எதிர்வீட்டுக்குக் குடிபோகிறார். கறிக்கடைக்காரர் வீட்டிலேயே வாசம், இனி அவருக்கு என்ன குறை?

ஆனால் ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. ‘என்னையும் கூட்டிட்டுப் போறியா?’ என்று முதல் நாளே கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அது எனக்குத் தோன்றவில்லை. உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.

அந்த மீனாவது கடைசியில் சுவரை விட்டுத் திரும்பி வந்து வாயைத் திறந்தது!